குமரி டாக்டர்களே, பூச்சைக்கும் ஒரு லாக்டேட் மீட்டர் வாங்கி வையுங்கள்

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் நாய், பூனைகளுக்கு கிளினிக் நடத்தும் டாக்டர்கள் எல்லாருக்கும் வணக்கம். ரத்தத்தில் லாக்டேட் என்ற பொருள் எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் சின்னக் கருவியைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

போன ஐப்பசி மழையில் எங்கள் பூச்சை (நம்ம ஊரில் பூனையை வேறெப்படிச் சொல்ல) பைக்கில் அடிபட்டது. பெரிதாக ரத்தமில்லை, எலும்பும் முறியவில்லை. ராத்திரி ஒன்பது மணிக்கு ஆட்டோ பிடித்து ஒரு கிளினிக்குக்குக் கொண்டுபோனோம், எந்தக் கிளினிக் என்பது இங்கே வேண்டாம். "அமைதியாத்தான் கெடக்கு, ஹார்ட்டும் வேகமா அடிக்கல, காலையில பாக்கலாம்" என்றார்கள். காதைத் தொட்டால் ஐஸ் மாதிரி இருந்தது. விடியுமுன்னே போய்விட்டது.

அப்புறம்தான் தேடிப் படித்தேன். அதிர்ச்சி நிலைக்கு (உடம்புக்கு ரத்த ஓட்டம் போதாமல் போகும் 'ஷாக்') போகும் நாய்க்கு இதயம் படபடவென்று அடிக்கும், ஆனால் பூனைக்குப் பல நேரம் தலைகீழாக நடக்கும்: துடிப்பு குறையும், உடம்பு சில்லிடும், ரத்த அழுத்தம் இறங்கும். நாங்கள் அமைதி என்று நினைத்தது அதைத்தான். உங்களுக்கு இது பாடத்திலேயே வந்திருக்கும், ஆனால் இரவு ஒன்பது மணிக்கு, வெளியே பத்துப் பேர் காத்திருக்கும்போது, கையும் கண்ணும் ஏமாறாதா?

அங்கேதான் லாக்டேட் உதவுகிறது. உடம்பின் செல்களுக்கு ரத்தமும் ஆக்சிஜனும் போதாமல் போனால் அவை ஆக்சிஜன் இல்லாமலே சக்தி எடுக்கப் பார்க்கும், அப்போது ரத்தத்தில் லாக்டேட் ஏறும். சாதாரணமாக லிட்டருக்கு 2.5 மில்லிமோலுக்குள் இருக்கும். ஓட்டப்பந்தய வீரர்களுக்கென்று வந்த கையடக்க மீட்டரையே வெளியூர்களில் விலங்குகளுக்கும் பயன்படுத்துகிறார்கள். டிரிப் போட ஊசி ஏற்றும்போது வரும் ரத்தத்தில் ஒரு சொட்டு போதும், ஒரு நிமிடத்தில் நம்பர் வந்துவிடும். லேபுக்கு அனுப்பினால் சரிவராது, சிவப்பணுக்கள் டியூபுக்குள்ளும் குளுக்கோஸைத் தின்று லாக்டேட்டை ஏற்றிக்கொண்டே இருக்கும். அதைத் தடுக்க ஃபுளோரைடு போட்ட டியூப், ஐஸ் என்று ராத்திரியில் யார் ஓடுவது?

ஒரு சிக்கல் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். பூச்சை திமிறினாலே லாக்டேட் ஏறிவிடும். நாலு பேர் அமுக்கிப் பிடித்து எடுத்த நம்பரை வைத்து பயப்படவும் கூடாது. ஒரு துணியால் கூடையை மூடிக் கொஞ்ச நேரம் விட்டு எடுக்கலாம், எப்படியும் ஒரு தடவை எடுத்ததோடு விடாமல் சில மணி நேரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். சிகிச்சைக்கு நம்பர் இறங்குகிறதா, அங்கேயே நிற்கிறதா என்பதுதான் முக்கியம். ஏன் ஏறியது என்று மீட்டர் சொல்லாது, அது உங்கள் வேலை.

மீட்டர் இருந்திருந்தால் எங்கள் பூச்சை பிழைத்திருக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் காலை வரை காத்திருந்திருக்க மாட்டோம். மீட்டரில் போடும் ஸ்டிரிப் செலவை பில்லில் சேருங்கள், தருகிறோம். அந்த நம்பரை எங்களிடமும் சொல்லுங்கள். நாகர்கோவிலிலிருந்தே திருநெல்வேலி ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு 80 கிலோமீட்டருக்கு மேல், அந்த ராத்திரியே வண்டி பிடிப்பதா, இல்லை பூச்சை கொஞ்சம் தேறும்வரை உங்களிடமே விடுவதா என்று வாசலில் நின்று முடிவெடுக்க வேண்டியது நாங்கள்தானே.