சட்டைக்குள் இருக்கும் நிலக்கரி

திருகோணமலை

அன்பின் ரவி,

கடிதம் கிடைத்தது. அம்மாவுக்கு முழங்கால் சத்திரசிகிச்சை நல்லபடியாக முடிந்ததில் பெரிய நிம்மதி. இங்கே எல்லோரும் சுகம். வெயில்தான் ஆளை வாட்டுகிறது.

பிரித்தானியா 2024 செப்டெம்பரில் கடைசி நிலக்கரி மின்நிலையத்தையும் மூடியதையும், 1990 முதல் பொருளாதாரம் வளர்ந்தும் கரியமில வாயு ஏறக்குறைய பாதியாகிவிட்டதையும் பெருமையாக எழுதியிருந்தாய். பெருமைப்படு, அது உண்மைதான். ஆனால் நீ லண்டனில் போடும் சட்டையை இங்கே ஓர் ஆலையில் தைத்திருந்தால், அதற்குச் செலவான மின்சாரத்தின் புகை எங்கள் கணக்கில்தான் ஏறும். இலங்கையின் நுரைச்சோலையில் 900 மெகாவாட் மின்நிலையம் நிலக்கரியில்தான் ஓடுகிறது. இறக்குமதிகளையும் சேர்த்துப் பார்த்தாலும் உங்கள் நாட்டில் குறைவு உண்டு; நீ சொன்ன அளவுக்கு இல்லை.

அடுத்த வரியில், வளர்ச்சியை நிறுத்தினால் இயற்கை தப்பும் என்கிறாய். அந்தச் சோதனையை 2022இல் எங்கள் தலையில் நடத்திப் பார்த்தார்கள், ரவி. பொருளாதாரம் ஒரே ஆண்டில் ஏழு சதவீதத்துக்கு மேல் சுருங்கியது. ஒரு கட்டத்தில் நாளுக்குப் பதின்மூன்று மணி நேரம் மின்வெட்டு. மண்ணெண்ணெய் இல்லாமல் படகுகள் கரையில் கிடந்தன. எரிபொருள் பாவனை குறைந்தது உண்மை. ஆனால் எரிவாயு சிலிண்டர் கிடைக்காததால் என் மனைவி பின்வளவில் மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டினாள். முதலில் காய்ந்த மட்டை, பிறகு வேலிப் பூவரசு, பிறகு சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்து விற்ற காட்டு விறகு. புகையில் அவள் கண் சிவந்திருந்ததைப் பார்த்திருந்தால் நீ அந்த வரியை எழுதியிருக்க மாட்டாய். வறுமையும் மரத்தைத்தான் வெட்டும்.

சிக்கனக் கருவிகளாலேயே எல்லாம் சரியாகிவிடும் என்றும் நான் நம்பவில்லை. எல்இடி குமிழ் போட்டு மின்கட்டணம் குறைந்ததும், மகன் குளிரூட்டி வாங்கிவிட்டான்! நீராவி இயந்திரம் சிக்கனமானால் நிலக்கரிச் செலவு கூடத்தான் செய்யும் என்று ஆங்கிலேயப் பொருளியலாளர் ஜெவன்ஸ் 1865இலேயே எழுதினார். எங்கள் வீட்டைப் பார்த்து எழுதியது போல இருக்கிறது.

மூதூர்ப் பக்கத்துச் சம்பூர் செய்தி கேட்டிருந்தாய். அங்கே கட்டவிருந்த 500 மெகாவாட் நிலக்கரி அனல்மின் நிலையம் 2016இல் கைவிடப்பட்டது உனக்குத் தெரியும். கொட்டியாரக் குடாவில் சுடுநீர் கலக்கும் என்று பயந்த மீனவர்கள் மூச்சு விட்டார்கள். அங்கே இப்போது 120 மெகாவாட் சூரிய மின்நிலையம் வருகிறது. 2025 ஏப்ரலில் தொடக்கவிழா வைத்தார்கள். புகைபோக்கியைவிட எனக்கு இது ஆயிரம் மடங்கு மேல். ஆனாலும் அதற்கும் நிலம் வேண்டும். 2006இல் போரால் ஊரை விட்டு ஓடி, பல வருடம் முகாமில் கிடந்து திரும்பிய சனத்திடம் போய் ‘பசுமை மின்சாரம், கொஞ்சம் விட்டுக்கொடுங்கள்’ என்று சொல்ல எனக்கு வாய் வராது. மாடு வைத்திருப்பவன் மேய்ச்சலுக்கு எங்கே போவான்? இன்னொரு சிக்கல், வீடுகளில் விளக்கெரியும் ஏழு மணிக்குச் சூரியன் இருக்காது. பகல் மின்சாரத்தைச் சேமிக்க வழியில்லை என்றால் இரவில் திரும்பவும் நிலக்கரியும் எண்ணெயும்தான்.

உன் மருமகன் மின்கலத் துறையில் வேலை செய்கிறான் அல்லவா? பெரிய சேமிப்பு மின்கலங்கள் இப்போது என்ன விலை, எத்தனை வருடம் உழைக்கும் என்று அவனிடம் கேட்டு எழுது. ஆகஸ்டில் வந்தால் மூதூர்ப் பக்கம் ஒருநாள் போய்வருவோம். அம்மாவுக்கு என் அன்பைச் சொல்.

அன்புடன்,
குமார்