முறைப்பாட்டை வாசிக்க ஆள் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

சமூக வலைத்தளங்களில் பரவும் வெறுப்புப் பதிவுகள் பற்றி உங்கள் பத்திரிகையில் அடிக்கடி எழுதுகிறீர்கள், நல்ல விஷயம். ஆனால் எல்லாமே கடைசியில் "மக்கள் பொறுப்போடு பகிர வேண்டும்" என்ற புத்திமதியில்தான் போய் நிற்கிறது. பகிர்கிறவருக்குப் பொறுப்பு இல்லை என்று நான் சொல்லவரவில்லை. தானே விதியை எழுதி வைத்துவிட்டு அதைத் தானே கவனிக்காமல் விடுகிற கம்பனியை யாரும் கேள்வி கேட்பதில்லையே என்பதுதான் என் ஆதங்கம்.

2018 மார்ச் மாதக் கலவரத்தைக் கண்டிப் பக்கத்து ஆட்கள் மறக்கமாட்டார்கள். அதற்குச் சில நாள் முன்பு, பெப்ரவரி 26 இரவு அம்பாறையில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில், சாப்பாட்டுக்குள் மலடாக்கும் மாத்திரை போட்டார்கள் என்று சொல்லிக் கடையை அடித்து நொறுக்கினார்கள். கடைக்காரருக்குச் சிங்களம் சரியாக வராது, கூட்டமாகச் சூழ்ந்து நின்று அதட்டிக் கேட்டதில் பயந்துபோய் ஆம் என்பதுபோல ஏதோ சொல்லிவிட்டார், அந்தக் காணொளி "ஒப்புக்கொண்டுவிட்டான்" என்று பேஸ்புக்கில் நாடு முழுக்கப் போனது. அரச பகுப்பாய்வாளர் பரிசோதித்துப் பார்த்தால், மாத்திரையும் இல்லை மருந்தும் இல்லை, வெறும் மாக்கட்டி! அப்புறம், கண்டிக்குப் பக்கத்தில் தெல்தெனியவில் முஸ்லிம் இளைஞர் சிலரால் தாக்கப்பட்ட ஒரு சிங்கள லொறிச் சாரதி இறந்தார். பொலிஸ் விசாரித்துக் குற்றவாளிகளை நீதிமன்றத்தில் நிறுத்தியிருக்க வேண்டிய அந்த விஷயம், திகனயில் முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் எரிவதில் போய் முடிந்தது.

அந்த நாட்களில் முஸ்லிம்கள் எல்லோரையும் கொல்லுங்கள், கைக்குழந்தையைக்கூட விடாதீர்கள் என்ற பொருளில் சிங்களத்தில் ஒரு பதிவு பேஸ்புக்கில் கிடந்தது. மறைத்துப் பேசவில்லை, ஜாடை இல்லை, நேரடியாகக் கொல்லச் சொல்கிறது. அதைப் பார்த்துவிட்டு முறைப்பாடு செய்தவருக்குச் சில நாள் கழித்து வந்த பதில், இது எங்கள் சமூகத் தரநிலைகளை மீறவில்லை என்பது. கொழும்பிலுள்ள சிவில் அமைப்புகள் இதையெல்லாம் எடுத்துக்காட்டி அந்த ஏப்ரலில் பேஸ்புக் தலைவர் மார்க் சக்கர்பேர்க்குக்கே பகிரங்கக் கடிதம் எழுதின. நிறுவனம் மன்னிப்புக் கேட்டது 2020 மே மாதத்தில்! அதுவும் அவர்களே அமர்த்திய ஆய்வாளர்கள், மொழி தெரிந்த ஆட்கள் போதவில்லை என்று எழுதிக் கொடுத்த பிறகு.

மியன்மாரிலும் இதே கதைதான். 2015 தொடக்கத்தில் பர்மிய மொழி தெரிந்து முறைப்பாடுகளைப் பார்த்தவர்கள் வெறும் இரண்டு பேர் என்று ரொய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் எழுதியது.

அது பழைய கதை, இப்போது எல்லாம் சரி என்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். எனக்குத் தெரிந்த ஒரு பிள்ளை பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். போன வருடம் யாரோ அவளுடைய படத்தையும் தொலைபேசி இலக்கத்தையும் போட்டு, வாயால் சொல்ல முடியாத தமிழில் எழுதி, ஒரு தளத்தில் பதிவிட்டார்கள். நானும் முறைப்பாடு செய்தேன், அவளுடைய நண்பிகளும் செய்தார்கள், எல்லோருக்கும் ஒரே அச்சில் வார்த்த பதில், விதிமீறல் இல்லை. தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒரு மனிதர் அந்தப் பதிவைப் பார்த்திருந்தால் இந்தப் பதில் வந்திருக்க வழியே இல்லை. கெட்ட வார்த்தையை நடுவில் ஒரு புள்ளி வைத்து உடைத்து எழுதியிருந்தார்கள், அவ்வளவுதான், இயந்திரத்துக்கு அது போதும் போல. பிள்ளை இலக்கத்தை மாற்றிவிட்டாள், கிழமைக்கணக்கில் விரிவுரைக்கும் போகவில்லை.

ஆள் வைக்கப் பணம் இல்லையா? 2025 நவம்பரில் பேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டாவின் உள் ஆவணங்கள் பற்றி ரொய்ட்டர்ஸ் வெளியிட்டதைப் பாருங்கள். மோசடி விளம்பரங்களும் தடைசெய்யப்பட்ட பொருட்களின் விளம்பரங்களும் 2024 வருமானத்தில் சுமார் 10 சதவீதம் தரும் என்று அவர்களே கணக்குப் போட்டிருக்கிறார்கள். அந்தக் கணக்கு மிகையானது என்று நிறுவனம் பின்னர் விளக்கம் சொன்னது, சரி, ஆனால் விளம்பரதாரர் மோசடிக்காரர் என்று 95 சதவீதம் உறுதியானால்தான் தடை, அதற்குக் கீழே சந்தேகம் இருந்தால் கூடுதல் கட்டணம் வாங்கிக்கொண்டு விடுவது என்ற ஏற்பாட்டுக்கு என்ன விளக்கம்? சந்தேகம் வந்தால் நிறுத்துவதா, விலையை ஏற்றுவதா?

கம்பனிகள் இப்படி விட்டதன் பலனை வேறு விதத்திலும் அனுபவிக்கிறோம். 2018 இல் அரசாங்கம் பேஸ்புக், வட்ஸ்அப், வைபர் எல்லாவற்றையும் ஒட்டுமொத்தமாக முடக்கியது, வீட்டுக்காரர் உயிரோடு இருக்கிறாரா என்று கேட்கவும் வழியில்லாமல் போனது. 2024 இல் இணையப் பதிவுகளைக் கட்டுப்படுத்தும் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் வந்தது, அது அரசை விமர்சிப்பவர்கள் மேல் பாயும் என்ற பயம் இன்னும் போகவில்லை.

எனவே உங்களிடம் ஒரு வேண்டுகோள். எங்கள் நாட்டிலிருந்து போகிற முறைப்பாடுகளை வாசிக்கத் தமிழ் தெரிந்தவர்கள் எத்தனை பேர், சிங்களம் தெரிந்தவர்கள் எத்தனை பேர், அவர்கள் பார்ப்பது எத்தனை, இயந்திரமே தள்ளிவிடுவது எத்தனை என்று ஒவ்வொரு நிறுவனத்திடமும் பத்திரிகையின் பெயரில் எழுதிக் கேளுங்கள். வந்த பதிலைப் போடுங்கள். பதில் வராவிட்டால் வரவில்லை என்பதைப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கண்டி.