அவனுக்கும் பந்து போகட்டும்

நீரோடி,
செவ்வாய் இரவு

அன்புள்ள மக்கா,

உன் கடிதம் கிடைத்தது. நீ கால்பந்து பழக்கும் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளில் இரண்டு பேருக்கு மட்டும் யாரும் பந்து கொடுப்பதில்லை, கத்திக் கத்தித் தொண்டை கட்டியதுதான் மிச்சம் என்று எழுதியிருந்தாய். முதலில் கத்துவதை நிறுத்து. நீ சொன்னதற்காகக் கொடுத்த பந்து பறிபோனால், "அவனுக்கு வராது" என்பது இன்னும் உறுதியாகும். உன் பொழியூர், மாநில அணிகள் மோதும் சந்தோஷ் டிராபி கால்பந்துக்கு ஆட்களைத் தந்த ஊர். அங்கே யாருக்கு ஆட்டம் வரும், வராது என்று கரையில் நிற்கும் மாமன்மாரே தீர்ப்பு எழுதிவிடுவார்கள். பிள்ளைகள் அதைக் கேட்டுத்தான் வளர்கிறார்கள்.

உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977-இல் தன்னம்பிக்கைக்கு நான்கு ஊற்றுகளைச் சொன்னார். அதில் பலமானது தானே செய்து முடித்த அனுபவம். அடுத்தவர் சொல் அதைவிட மெலிந்தது. கூட்டாளி மேல் வரும் நம்பிக்கையும் அப்படித்தான் என்பேன். கண்ணால் பார்த்தால்தான் ஒட்டும்.

அதனால் வாங்குபவனை விட்டுவிட்டுக் கொடுப்பவனைக் கவனி. நம்பாத பையனுக்குப் போகும் பந்து பெரும்பாலும் தாமதமாக, எதிராளி நெருங்கிய பிறகு, முழங்கால் உயரத்தில் துள்ளிக்கொண்டு போகும். அதை யாரால் நிறுத்த முடியும்? பழி மட்டும் வாங்கியவனுக்கு.

எட்டு மீட்டர் சதுரம் போடு. ஓரத்தில் நான்கு பேர், பந்தைப் பறிக்க நடுவில் ஒருவன், பந்து வந்தால் ஆளுக்கு இரண்டு தொடுதல்தான். பாஸ் உள்பாதத்தால், தரையோடு, எதிராளிக்கு எட்டாத காலுக்கு. மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை ஆளை மாற்று. அந்த இருவரையும் ஒரே சதுரத்தில் போடாதே. ஐந்தில் நான்கு பாஸ் சேரத் தொடங்கிய பிறகு சதுரத்தைப் பத்து மீட்டராக்கி நடுவில் இருவரை விடு. அவசரப்பட்டால் பழைய கதைதான்.

காய்ந்த மணல் வேண்டாம். அங்கே கெட்டிக்காரனுக்கே பந்து உருளாது. கடலரிப்பில் மிஞ்சிய கரையில், தண்ணீர் இறங்கும் நேரம் இறுகிக் கிடக்கும் ஈர மணல் போதும். பந்து, அளவில் சிறிய நாலாம் நம்பர். அண்ணன்மாரின் அஞ்சாம் நம்பரை எடுக்காதே.

இருவரும் எந்த மாதம் பிறந்தவர்கள் என்றும் பார். வயதுக் கணக்கு ஜனவரி 1-இல் தொடங்கினால், ஜனவரிப் பிள்ளைக்கும் டிசம்பர்ப் பிள்ளைக்கும் ஏறக்குறைய ஒரு வருட வளர்ச்சி வித்தியாசம். ஆள் சிறிசு என்றால் ஆட்டமும் சிறிசு என்று மற்றவர்கள் முடிவுகட்டுவது இதனால்தான்.

தன்னை நம்பவில்லை என்று தெரிந்த பையன் எதிராளியின் முதுகுக்குப் பின்னால் போய் நிற்பான், பந்து வந்தாலும் பயந்து தூக்கி அடிப்பான். இரண்டு அடி பக்கவாட்டில் நகர்ந்து, கொடுப்பவன் கண்ணில் படச் சொல்லிக்கொடு. "சூப்பர்" என்று பொதுவாகச் சொல்லாதே. "இடது காலில் நிறுத்தினாயே, அதுதான்" என்று எல்லோர் காதிலும் விழச் சொல். கேப்டன்மார் ஆள் பிரிப்பதையும் நிறுத்து. கடைசியில் நிற்பவன் எப்போதும் அவன்தான்.

மேட்சில் அவனை மூலைக்குத் தள்ளாதே. சதுரத்தில் அவனுக்குக் கொடுத்துப் பழகியவன் பக்கத்திலேயே நிறுத்து. யார் யாருக்குக் கொடுத்தார்கள் என்று பதினைந்து நிமிடம் நோட்டில் கோடு போட்டுக்கொள். ஞாயிறு பூசை முடிந்து வரும்போது அந்த நோட்டையும் கொண்டு வா, பார்க்கலாம்.

உன்
பழைய கூட்டுக்காரன்