அரை அங்குலம் கூட விடுங்கள்: ஆடைப்பெட்டிக்காரர்களுக்குக் கிழக்கிலிருந்து ஒரு திறந்த மடல்

“உங்களுக்கென்றே தெரிந்தெடுத்தது” என்று சொல்லி உடுப்புகளைப் பெட்டியில் அடுக்கி, மாதச் சந்தாவுக்கு வாசலில் கொண்டுவந்து தரும் வியாபாரத்தை நடத்துவோருக்கும், அதைச் சூழலுக்கு இசைந்த வியாபாரம் என்ற பெயரில் மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களுக்குக் கொண்டுவர எண்ணியிருப்போருக்கும்,

வணக்கம்.

இதை எழுதுகிறவர்கள் இலங்கையின் இந்தக் கிழக்குக் கரையில் தைப்பவர்களும் நெய்பவர்களும். இங்கே ஒன்லைனில் வாங்கிய உடுப்பு பிடிக்கவில்லை என்றால் திருப்பி அனுப்புவோர் குறைவு. அளவு பிழைத்தால் அது தையற்கடை மேசைக்கு வரும், அல்லது அலுமாரியின் அடித்தட்டுக்குப் போகும். இரண்டில் எது நடக்கும் என்பது பெரும்பாலும் உள்தையலில் எவ்வளவு துணி விட்டிருக்கிறது என்பதைப் பொறுத்தது. உங்கள் விளம்பரங்களில் ஒர்கானிக் பருத்தி இருக்கிறது, மறுசுழற்சி அட்டை இருக்கிறது, இலைப் படம் இருக்கிறது. உள்தையலைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

கணக்கு எளியது. 4,500 ரூபாய்க் குர்த்தியை அறுபது தரம் உடுத்தால் ஒரு தரத்துக்கு 75 ரூபாய். 1,800 ரூபாய்க் குர்த்தியை நாலு தரம் உடுத்துவிட்டு எறிந்தால் ஒரு தரத்துக்கு 450. நூலுக்கும் சாயத்துக்கும் செலவான தண்ணீரையும் இப்படித்தான் பங்கிட வேண்டும். ஏழு வருடம் கட்டிய சாரம் கிழிந்த பிறகு பிள்ளைக்கு ஏணையாகும், பிறகு துடைதுணியாகும். அதற்கு யாரும் சான்றிதழ் கொடுப்பதில்லை.

முதலில் விலைக்கழிவைப் பார்ப்போம். இந்த வியாபாரத்தின் பெயர்பெற்ற முன்மாதிரி அமெரிக்காவில் 2011இல் தொடங்கிய ஸ்டிச் ஃபிக்ஸ். பெட்டியில் ஐந்து உருப்படி, தெரிவுக்கட்டணம் 20 டொலர், ஐந்தையும் வைத்துக்கொண்டால் 25 வீதம் கழிவு என்பது அது பெயர்பெற்ற காலத்து முறை. அதை இங்கே ரூபாயில் போட்டுப் பாருங்கள். ஒன்று 4,000 வீதம் ஐந்து 20,000. கழிவு போக 15,000. நாலு மட்டும் பிடித்து ஒன்றைத் திருப்பினால் 16,000. பிடிக்காததைத் திருப்பி அனுப்புகிறவர் ஆயிரம் ரூபாய் கூடக் கொடுக்கிறார்! கணக்குத் தெரிந்த எந்த வீட்டுக்காரியும் ஐந்தாவதையும் வைத்துக்கொள்வாள். உடுக்கமாட்டாள். கடைக்காரனுக்கு இது கெட்டித்தனம்; சூழலின் பெயரைச் சொல்கிறவருக்கு ஆகாது. அந்தக் கழிவை இங்கே கொண்டுவர வேண்டாம். கழிவு கொடுக்கத்தான் வேண்டுமென்றால் திருத்தக் கூலியாகக் கொடுங்கள்.

அடுத்தது அளவு. உங்கள் கேள்விக்கொத்து வயது, உயரம், நிறை, “எஸ், எம், எல்” என்று கேட்கிறது. உடம்பளவைத் தானே எடுப்பவர் நாடாவை முதுகுப் பக்கம் சரியவிடுவார். ஒன்றரை அங்குலம் பிழைக்கும். தையற்காரர் கேட்பது “அளவுச் சட்டை”. நீங்களும் அதையே கேளுங்கள். நன்றாகப் பொருந்தும் ஒரு குர்த்தியைப் பொத்தான் பூட்டி, சுருக்கம் நீவி, மேசையில் விரிக்கச் சொல்லுங்கள். ஒரு கைக்குழியின் அடியிலிருந்து மறு கைக்குழியின் அடிவரை அளந்து இரண்டால் பெருக்கினால் மார்புச் சுற்று. தோள் தையலிலிருந்து தோள் தையல் வரை. இடுப்பு எலும்பு மட்டத்தில் அகலம். பக்கவெட்டு தொடங்கும் உயரம். கையின் மேற்பகுதி, கைக்குழியிலிருந்து ஓர் அங்குலம் கீழே. இந்த ஐந்தோடு உடுப்பின் நீளமும் கை நீளமும் இருந்தால் போதும். அதே அளவுக்குத் தையுங்கள், தளர்வு அதற்குள்ளேயே இருக்கிறது. உடம்பளவில்தான் வெட்டுவீர்கள் என்றால், நெய்த துணிக்கு மார்பில் குறைந்தது மூன்று அங்குலம், மேற்கையில் இரண்டு அங்குலம் தளர்வு விடுங்கள். பின்னலாடை இழுபடும், அதற்கு இவ்வளவு வேண்டாம்.

இங்கே ஒன்லைன் உடுப்பு அதிகம் பிழைப்பது மேற்கையில். மார்பு சரியாக இருக்கும், கை ஏறாது. அல்லது ஏறும், கையைத் தூக்கினால் முழு உடுப்பும் மேலே போகும், ஏனென்றால் கைக்குழி தேவைக்கு மேல் ஆழமாக வெட்டப்பட்டிருக்கும். ஆழமாக வெட்டிய கைக்குழியைத் திருத்த வழியே இல்லை. அக்குளில் ஒரு கட்டத்துண்டு போட்டுச் சமாளிக்கலாம், அவ்வளவுதான்.

அளவோடு அடக்கமும் சேர்ந்தது. “அலுவலகம், விருந்து, சாதாரணம்” என்ற மூன்று பெட்டிக்குள் இந்த ஊர் அடங்காது. கோயிலுக்கு ஒன்று, பள்ளிவாசல் பக்கத்து வீட்டில் குர்ஆன் ஓதும் கத்தத்துக்கு ஒன்று, செத்தவீட்டுக்கு ஒன்று, வங்கி வேலைக்கு ஒன்று. கை முழங்கை வரையா, மணிக்கட்டு வரையா. முன்கழுத்து எத்தனை அங்குல இறக்கம். பக்கவெட்டு வேண்டுமா, மூட வேண்டுமா என்று நேரே கேளுங்கள். முஸ்லிம் ஊர்களான காத்தான்குடியிலும் மருதமுனையிலும் பலர் பக்கவெட்டை மூடித் தரச் சொல்வார்கள். மூடிய குர்த்திக்கு அடிச்சுற்று குறைந்தது 54 அங்குலமாவது வேண்டும், இல்லாவிட்டால் பஸ்ஸில் ஏறமுடியாது. மெல்லிய வெள்ளைத் துணியைப் பெட்டியில் வைக்குமுன் உள்ளே கையை விட்டு வெயிலில் பிடித்துப் பாருங்கள். விரல் எண்ணமுடிந்தால் லைனிங் இல்லாமல் அனுப்பாதீர்கள்.

சாறி பிளவுஸைத் தைத்து அனுப்பவே வேண்டாம். அரை அங்குலம் பிழைத்தாலே உடுக்கமுடியாத உடுப்பு அது. 80 சென்ரிமீற்றர் துணியாக அனுப்புங்கள், கை நீளம் வேண்டுமென்றால் ஒரு மீற்றர். தைக்க இங்கே ஆள் இருக்கிறது.

இனித் தலைப்பில் சொன்ன அரை அங்குலம். தொழிற்சாலை உடுப்பில் பக்கத் தையலுக்கு உள்ளே ஒரு சென்ரிமீற்றர் அளவே விட்டு, விளிம்பு பிரியாமல் ஓவர்லொக் அடித்து, மீதியை மெஷின் கத்தி வெட்டிவிடுகிறது. அதை ஒருவராலும் பெருப்பிக்கமுடியாது. ஒவ்வொரு விளிம்பிலும் அரை அங்குலம் கூட விட்டால் என்ன ஆகும்? முன்துண்டுக்கு இரண்டு விளிம்பு, பின்துண்டுக்கு இரண்டு. நாலு அரை, இரண்டு அங்குலம். பிள்ளை பெற்ற பிறகும், ஐந்து கிலோ ஏறிய பிறகும், அக்காவிடமிருந்து தங்கைக்குப் போகும்போதும் அதே உடுப்பு போதும். கூடுதல் துணி எவ்வளவு? 44 அங்குல நீளக் குர்த்தியில் இரண்டு அங்குல அகலப் பட்டி ஒன்று. இரண்டரை மீற்றர் துணியில் ஏறக்குறைய 2 வீதம். ஓவர்லொக்கை முழு விளிம்பில் அடித்துவிட்டுத் தையலை உள்ளே தள்ளி ஓட்டச் சொல்லுங்கள். மெஷின்காரருக்கு இது புது வேலை அல்ல. ஆனால் கைக்குழியின் அடியில் கூட்டிவிட்டால் வளைவு இழுக்கும். அங்கே இரண்டு சிறு வெட்டுப் போட வேண்டும். கீழ் மடிப்பில் இரண்டு அங்குலம் விட்டால் வளரும் பிள்ளைகளின் உடுப்பு இன்னும் ஒரு வருடம் ஓடும்.

தையலைப் பிரித்த இடத்தில் ஊசித்துளை தெரியுமே என்பீர்கள். பருத்தியில் தண்ணீர் தெளித்து நகத்தால் கீறி அயன் பண்ணினால் துளை மூடும். சற்றினில் மூடாது. ஆகவே சற்றின் பெட்டியில் குறைவாக இருக்கட்டும்.

சுருக்கம் அடுத்த தலைவலி. முன்சுருக்கம் செய்யாத பருத்தி முதற் கழுவலில் 3 முதல் 5 வீதம் சுருங்கும், பாவு நூல் ஓடும் நீளவாட்டில் கூடுதலாக. வெட்டுமுன் துணியில் நீளத்துக்கும் அகலத்துக்கும் 50 சென்ரிமீற்றர் கோடு போட்டு, வீட்டில் கழுவுவதுபோலக் கழுவி, நிழலில் உலர்த்தி மறுபடி அளந்து பாருங்கள். 48.5 வந்தால் 3 வீதம். 44 அங்குலக் குர்த்தி ஒன்றேகால் அங்குலத்துக்கு மேல் குட்டையாகும். கைத்தறித் துணியை ஓர் இரவு ஊறவைத்து உலர்த்திய பிறகுதான் கத்தரி வைக்க வேண்டும். அதைவிடக் கேவலம் லைனிங்: வெளித்துணி பருத்தி, உள்ளே பொலியெஸ்டர். இரண்டு கழுவலில் வெளித்துணி சுருங்கும், லைனிங் சுருங்காது. கீழே முக்கால் அங்குலம் உள்பாவாடை எட்டிப் பார்ப்பதுபோலத் தொங்கும். லைனிங்கும் ஊறவைத்த பருத்தியாக இருக்கட்டும், வெளித்துணியைவிட ஓர் அங்குலம் குட்டையாக, அடியில் சேர்த்துத் தைக்காமல் தனியாக விடுங்கள். கொலருக்குள் வைக்கும் பசைக் கன்வஸும் இதே இனம். சூடு போதாமல் ஒட்டினால் மூன்றாம் கழுவலில் கொப்பளிக்கும்.

பெட்டி மாதாமாதம் வரத் தேவையில்லை. இந்த ஊரின் வருடத்துக்கு அதன் கணக்கு உண்டு. வைகாசி தொடங்கி ஆவணி வரை கச்சான் காற்று. அப்போது பொலியெஸ்டர் உடுத்தவர் வியர்வையில் வேகிறார். நவம்பரில் மாரி பிடித்தால் தை வரை உடுப்பு உலர இரண்டு மூன்று நாள்; தடித்த டெனிம் நாறும், பூஞ்சணம் பிடிக்கும். ரேயனும் விஸ்கோஸும் உலர்ந்திருக்கும்போது அழகு, நனைந்தால் பாதி வலு போய்விடும். கிணற்றடிக் கல்லில் நாலு அடி அடித்தால் கைக்குழி கிழியும். ரேயன் அனுப்பினால் “கல்லில் அடிக்காதீர்கள், முறுக்கிப் பிழியாதீர்கள்” என்று தமிழில் எழுதித் துணியிலேயே தையுங்கள். இரும்புச்சத்துள்ள கிணற்றுத் தண்ணீரில் வெள்ளை உடுப்பு மஞ்சளாகும். குளோரின் போட்டால் கறை இன்னும் இறுகும், தேசிக்காய்ப் புளிதான் இளக்கும். இதுவும் லேபலில் இருக்கட்டும். வருடத்துக்கு மூன்று பெட்டி தாராளம்: பொங்கலுக்கும் சித்திரைக்கும் சேர்த்து ஒன்று, கச்சானுக்கு ஒன்று, தீபாவளிக்கு ஒன்று. நோன்புப் பெருநாள் வருடத்துக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னே நகரும். அந்த வீடுகளுக்குப் பெட்டித் தேதியையும் நகர்த்துங்கள்.

சான்றிதழ்களைப் பற்றிச் சுருக்கமாக. ஒர்கானிக் துணிக்கான உலகத் தரமான “கொட்ஸ்” (GOTS) முத்திரைக்குக் குறைந்தது 70 வீதம் ஒர்கானிக் நார் வேண்டும். “ஒர்கானிக்” என்றே போட 95 வீதம். முத்திரையோடு உரிம இலக்கமும் இருக்க வேண்டும். இலக்கம் இல்லாத முத்திரை வெறும் படம். ஓகோடெக்ஸ் 100 என்பது துணியில் தீங்கான இரசாயனம் மிஞ்சியிருக்கிறதா என்ற சோதனை. பருத்தி எப்படி விளைந்தது என்பதை அது சொல்லாது. “நூறுவீதம் பருத்தி, மண்ணில் மக்கும்” என்று எழுதுமுன் எந்த நூலால் தைத்தீர்கள் என்று பாருங்கள். பெரும்பாலும் பொலியெஸ்டர் நூல்.

மருதமுனைக் கைத்தறியைப் பெட்டியில் சேர்க்க விரும்புகிறீர்களா, நல்லது. ஆனால் தறி உங்கள் செயலியின் வேகத்தில் ஓடாது. பாவு ஒருமுறை ஏறினால் அது முடியும்வரை அந்தப் பாவின் நிறம்தான். புதுப் பாவு ஓடி, பாவு நூலைத் தூக்கி இறக்கும் விழுதில் நூல் நூலாகக் கோத்து ஏற்றுவது நாட்கணக்கான வேலை. குறுக்கே ஓடும் ஊடை நூலை மாற்றுவதோ நிமிட வேலை. ஆகவே “தனிப்பட்ட தெரிவு” என்பதை ஊடையில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே நீலப் பாவில் வெள்ளை ஊடை போட்டால் வெளிர்நீலம், கறுப்புப் போட்டால் இரவு நிறம், மஞ்சள் போட்டால் பச்சை சாயும். ஒரே பாவில் நாலு வாடிக்கையாளருக்கு நாலு நிறத் துணி, மிச்சமும் இல்லை. நூல் இலக்கம், அகலம், நீளம் மூன்றையும் மூன்று மாதம் முன்னே எழுத்தில் தந்து, நூல் வாங்க முற்பணமும் தாருங்கள். நெய்து முடித்தபின் “நிறம் திரையில் வேறுமாதிரி இருந்தது” என்று திருப்பாதீர்கள். ஒரு சாண் மாதிரித்துண்டு முன்னே கேட்டால் போதும்.

கடைசியாகப் போக்குவரத்து. 2021இல் பின்லாந்து ஆய்வாளர்கள் ஜீன்ஸ் ஒன்றை வைத்து, நீண்டகாலம் உடுப்பது, கைமாற்றி விற்பது, மறுசுழற்சி, வாடகைக்கு எடுப்பது எல்லாவற்றையும் ஒப்பிட்டார்கள். காலநிலைக்கு மோசமாக வந்தது வாடகை. காரணம் போய்வரும் பயணம். கொழும்பிலிருந்து மட்டக்களப்புக்கு வீதியால் 300 கிலோமீற்றருக்கு மேல். ஐந்தை அனுப்பி மூன்றைத் திருப்பினால் அந்த மூன்றும் 600 கிலோமீற்றர் சும்மா ஓடுகின்றன. மட்டக்களப்பு, களுவாஞ்சிகுடி, கல்முனை, அக்கரைப்பற்று என்று நாலு ஊரில் ஒவ்வொரு தையற்கடையோடு பேசிவையுங்கள். பெட்டிகள் அங்கே வாரத்துக்கு ஒருமுறை சேர்ந்து வரட்டும். வாடிக்கையாளர் அங்கேயே போட்டுப் பார்ப்பார். பக்கத் தையல் பிரித்துத் தைக்க அரைமணித்தியாலம், கீழ் மடிப்புக்கு இருபது நிமிடம். கூலி உங்கள் கணக்கில். அப்படியும் சரிவராதது மட்டும் ஒரே பொதியாகத் திரும்பட்டும்.

ஒவ்வொரு உடுப்பையும் தனித்தனிப் பொலித்தீனில் போடுவதை நிறுத்துங்கள். அம்பாறை மாவட்டத்துப் பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் பொலித்தீனைத் தின்று யானைகள் செத்த செய்தி 2022 ஜனவரியில் உலகமெங்கும் போனது. நீங்கள் போடும் உறையும் இப்படி ஒரு மேட்டில்தான் வந்து விழும். வெட்டுத்துண்டில் தைத்த பை போதும். மாரிக்கு மட்டும் வெளியே ஒரு தண்ணீர் புகாத பை, அதுவும் தையற்கடையிலிருந்து உங்களுக்கே திரும்பும் பை.

ஆடி அமாவாசையை ஒட்டிய மட்டக்களப்பு மாமாங்கக் கோயில் திருவிழாவுக்கு ஒரு பெட்டி அனுப்பிப் பார்க்க விரும்பினால், துணி சித்திரையில் தறியில் இருக்க வேண்டும். பாவு நிறம் பங்குனிக்குள் எங்கள் கைக்கு வரவேண்டும். அளவுச் சட்டைகளை அதற்கிடையில் சேர்த்துவைக்கிறோம்.

இப்படிக்கு,
மட்டக்களப்பு, கல்முனைப் பகுதிகளில் தைப்பவர்களும் மருதமுனையில் நெய்பவர்களும் சிலர்