அருங்காட்சியகங்கள் தரும் உதவித்தொகைகளைப் பற்றியும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வெளிநாட்டுப் படிப்புக்கான உதவித்தொகைகள் பற்றி உங்கள் பத்திரிகையில் வந்த முழுப் பக்கக் கட்டுரையை இங்கே மொரீசியஸில் உட்கார்ந்து போனில் படித்தேன். மருத்துவம், பொறியியல், கணினி, மேலாண்மை என்று எல்லாம் இருந்தது, நல்ல உழைப்பு. ஆனால் இயற்கை வரலாற்று அருங்காட்சியகங்கள் முதுகலை மாணவர்களுக்கும் ஆராய்ச்சி செய்கிறவர்களுக்கும் தரும் உதவித்தொகைகளைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அதனால்தான் இந்தக் கடிதம், கொஞ்சம் நீளமாகத்தான் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் தீவின் தென்கிழக்கே மஹேபூர் பக்கம் பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். அறிவியல் என் பாடம் இல்லை. என் அக்கா மகள் ரெதுயியில் இருக்கும் மொரீசியஸ் பல்கலைக்கழகத்தில் நிலத்து நத்தைகளைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறாள், அவள் பின்னாலேயே அலைந்துதான் இதெல்லாம் எனக்குத் தெரியவந்தது. அவள் இந்தத் தலைப்பை எடுத்தபோது அக்கா மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. "நத்தை பொறுக்கவா இவளை இவ்வளவு படிக்க வைத்தேன்" என்று என்னிடம் வந்து அழுதாள். இங்கே எங்கள் வீடுகளில் பிள்ளை நன்றாகப் படித்தால் டாக்டர், வக்கீல், கணக்காளர், இவைதான் பேச்சு. அரசாங்க ஸ்காலர்ஷிப் வாங்கும் பிள்ளைகளின் பெயர் ரேடியோவில் வரும் அன்றைக்கு ஊரே காது கொடுத்து உட்கார்ந்திருக்கும். தமிழ்நாட்டிலும் பெரிய வித்தியாசம் இருக்காது என்று நினைக்கிறேன்.

அருங்காட்சியகம் என்றால் நமக்குக் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் பொருள்தான் ஞாபகம் வரும். அது உள்ளே இருப்பதில் துளி. லண்டனில் இருக்கும் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் சுமார் 8 கோடி மாதிரிகள் இருக்கின்றன, நியூயார்க்கில் இருக்கும் அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் 3 கோடிக்கு மேல். பறவைத் தோல், பூச்சி, ஓடு, எலும்பு, காய்ந்த செடி எல்லாம் இழுப்பறை இழுப்பறையாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். மக்கள் பார்ப்பதற்காக அல்ல, ஆராய்ச்சிக்காக வைத்திருப்பவை. அவற்றைத் திறந்து பார்க்க வருகிறவர்களுக்குத்தான் இந்த உதவித்தொகைகள்.

எங்களைப் போன்ற தீவுக்காரர்களுக்கு இது ஏன் இவ்வளவு முக்கியம் என்று என் பெண் (அக்கா மகள்தான், எனக்கும் மகள்தான்) ஒரு நாள் சமையலறையில் வைத்துச் சொல்லிக்கொடுத்தாள். நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் ஒருவர் இங்கே ஒரு நத்தை ஓட்டை எடுத்து, அதற்குப் பெயர் வைத்து, ஐரோப்பாவுக்கு அனுப்பிவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பெயருக்கு என்றென்றைக்கும் சாட்சி அந்த ஒரே ஓடுதான், அதை வகைமாதிரி என்கிறார்கள். இன்றைக்கு இவள் காட்டில் ஒரு நத்தையைப் பார்த்து இது அதுதானா வேறா என்று சொல்ல வேண்டுமென்றால் அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தாக வேண்டும். போட்டோ போதாதா என்று கேட்டேன். ஓட்டின் வாய்க்குள்ளே பல் மாதிரி சின்ன மடிப்புகள் இருக்கும், அதைத் திருப்பித் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தால்தான் தெரியும், போட்டோவில் அது இருட்டு, சித்தி, என்றாள். எங்கள் தீவு நத்தைகளில் பலவற்றின் வகைமாதிரிகள் லண்டனிலும் பாரிஸிலும் இருக்கின்றன. எங்கள் ஊர் நத்தைக்குப் பெயர் சொல்ல எங்கள் ஊர்ப் பெண் விமானம் ஏற வேண்டியிருக்கிறது.

நத்தையை விடுங்கள், பறவைக்கு வருவோம். மொரீசியஸ் நீலப்புறா என்று ஒன்று இருந்தது, வெள்ளைக் கழுத்து, நீல உடம்பு, சிவப்பு வால். இப்போது உலகத்தில் மிஞ்சியிருப்பது மூன்றே தோல்கள். ஒன்று ஸ்காட்லாந்தில், ஒன்று பாரிஸில், ஒன்று எங்கள் போர்ட் லூயிஸ் அருங்காட்சியகத்தில். கம்பெனித் தோட்டத்தின் ஆலமரத்து நிழலைத் தாண்டி உள்ளே போனால் பார்க்கலாம். நான் ஒவ்வொரு வருஷமும் பள்ளிப் பிள்ளைகளை அழைத்துப் போகிறேன், எல்லோரும் அழிந்துபோன டோடோ பறவை முன்னால் போய் நின்றுவிடுவார்கள், புறாவைத் திரும்பிப் பார்க்க ஆளிருக்காது.

டோடோவும் புறா இனம்தான். ஆக்ஸ்போர்டில் இருக்கும் ஒரு டோடோ மாதிரியிலிருந்துதான் மரபணு எடுத்துப் பார்த்தார்கள். 2002ல் வந்த முடிவின்படி இன்று உயிரோடு இருக்கும் பறவைகளில் அதற்கு மிக நெருங்கிய சொந்தம் நிக்கோபார் புறா. ஆமாம், உங்களுக்குச் சென்னையிலிருந்து கப்பல் தூரத்தில் இருக்கும் அதே நிக்கோபார். பழைய மாதிரியை யாரோ பத்திரமாக வைத்திருந்தார்கள், வேறு யாரோ பிற்பாடு வந்து புதுக் கேள்வி கேட்டார்கள், அதனால் கிடைத்த விடை இது.

இங்கே டோடோ எலும்புகள் கிடைத்த கதையை நான் வகுப்பில் வருஷா வருஷம் சொல்கிறேன். எங்கள் ஊரிலிருந்து விமான நிலையம் போகும் பக்கம் மார் ஓ சொஞ் என்று ஒரு சதுப்பு நிலம். சொஞ் என்றால் கிரியோலில் சேம்பு, அதன் கீரையை இங்கே எல்லார் வீட்டிலும் சமைப்பார்கள். 1865ல் மஹேபூரில் என்னைப் போலவே வாத்தியாராக இருந்த ஜார்ஜ் கிளார்க் என்பவர் அங்கே எலும்பு இருக்கும் என்று தேடினார். அவர் தேடினார் என்று புத்தகத்தில் இருக்கும். மூன்றடித் தண்ணீரில் இறங்கி, வெறுங்காலால் சேற்றைத் துழாவி, முதல் டோடோ கால் எலும்பைக் கண்டெடுத்தவர்கள் அவர் இறக்கிவிட்ட கூலிகள். இதை அவரே மறுவருஷம் எழுதி வைத்திருக்கிறார். பெயர்களை எழுதவில்லை. அந்தக் காலத்தில் இங்கே கூலி என்றால் பெரும்பாலும் இந்தியாவிலிருந்து ஒப்பந்தத்தில் கப்பலேறி வந்தவர்கள்தான். அதில் தமிழர் இருந்தார்களா என்று எந்த ஏட்டிலும் தேட முடியாது, ஆனால் அந்தக் கால் யாருடைய கால் என்று நினைக்கும்போது எனக்குத் தொண்டை அடைக்கும். எலும்புகள் லண்டனுக்கும் கேம்பிரிட்ஜுக்கும் போயின, அதை வைத்துப் பெரிய பெரிய கட்டுரைகள் வந்தன.

அப்புறம் எத்தியேன் தீரியூ என்று போர்ட் லூயிஸில் முடிவெட்டும் தொழில் செய்தவர், இருபதாம் நூற்றாண்டு பிறந்த சமயத்தில் மலைப்பக்கம் தேடி இரண்டு எலும்புக்கூடுகள் எடுத்தார். ஒன்று எங்களிடம் இருக்கிறது, ஒரே பறவையின் எலும்புகளால் ஆன முழுக்கூடு உலகத்திலேயே அது ஒன்றுதான். மற்றொன்று தென்னாப்பிரிக்காவில் டர்பன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இரண்டையும் வெளிநாட்டு ஆராய்ச்சியாளர்கள் லேசரில் அளந்து 2016ல் வெளியிட்டார்கள், அதுவரை யாரும் விவரிக்காத முழங்கால் சில்லுகூட அதில் இருந்தது. நூறு வருஷமாக எங்கள் அருங்காட்சியகத்திலேயே இருந்த சில்லு அது. எங்கள் பிள்ளைகளில் ஒருவர் ஏன் அதைப் பார்த்துச் சொல்லவில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

சரி, உதவித்தொகைகளுக்கு வருகிறேன். பலருக்குத் தெரியாத விஷயம், சில அருங்காட்சியகங்கள் தாங்களே பட்டம் தருகின்றன. நியூயார்க் அருங்காட்சியகத்துக்கு 2006ல் முனைவர் பட்டம் தரும் அனுமதி கிடைத்தது, ரிச்சர்ட் கில்டர் பட்டப்படிப்புப் பள்ளி என்று பெயர், ஒப்பீட்டு உயிரியல் பாடம். சேர்த்துக்கொண்டால் படிப்புச் செலவையும் வாழ்க்கைச் செலவையும் அவர்களே பார்த்துக்கொள்கிறார்கள், இடம் மட்டும் மிகக் குறைவு. முனைவர் பட்டம் முடித்தவர்களுக்குத் தனி உதவித்தொகை இருக்கிறது. வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் பட்ட மேற்படிப்பு மாணவர்களுக்குப் பத்து வாரம் தங்கி வேலை செய்ய உதவித்தொகை உண்டு, அதைவிட நீண்ட காலத்துக்கும் உண்டு. லண்டனிலோ பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து முதுகலை நடத்துகிறார்கள்.

நம் பிள்ளைகள் முதலில் பார்க்க வேண்டியது சின்னத் தொகைகளைத்தான். ஒன்றிரண்டு வாரம் வந்து இழுப்பறைகளைப் பார்த்துவிட்டுப் போக, விமானச் சீட்டுக்கும் அறைக்கும் கொடுக்கும் சேகரிப்பு ஆய்வுத் தொகை. நியூயார்க்கில் பறவை ஆராய்ச்சிக்கு ஃபிராங்க் சாப்மன் பெயரில் ஒரு நிதி, கடல் உயிர்களுக்கு லெர்னர்-கிரே பெயரில் ஒன்று. தியோடர் ரூஸ்வெல்ட் பெயரிலும் ஒன்று உண்டு, பெயரைப் பார்த்து மயங்கிவிடக் கூடாது, அது வட அமெரிக்க விலங்குகளுக்கு, நம் யானைக்கும் நத்தைக்கும் போட்டால் நேரம்தான் வீண். விதிமுறையும் கடைசித் தேதியும் வருஷத்துக்கு வருஷம் மாறும் என்பதால் போன வருஷத் தகவலை நம்பி உட்காரவும் கூடாது.

விண்ணப்பத்தில் ஜெயிப்பது மதிப்பெண் மட்டும் இல்லை. அங்கே அந்தச் சேகரிப்பைப் பார்த்துக்கொள்ளும் காப்பாளருக்கு முதலிலேயே கடிதம் எழுத வேண்டும். "உங்களிடம் மொரீசியஸ் நத்தைகள் இருக்கின்றனவாமே, பார்க்க ஆசை" என்று எழுதினால் பதில் வராது. இந்த இனம், இந்த எண்ணுள்ள மாதிரி, அதில் இந்த அளவு எடுக்க வேண்டும், அதற்கு இத்தனை நாள் என்று எழுத வேண்டும். இவள் முதல் கடிதத்தை நான்கு முறை திருத்தினாள். பதில் ஒரே நாளில் வந்தது, அந்த ஊர்க் காப்பாளர் அந்த இழுப்பறையைத் திறந்து பல வருஷமாகிவிட்டது, நீ வா என்று எழுதியிருந்தார்.

முதல் வருஷம் போக முடியவில்லை. இங்கே ஓர் அலுவலகத்திலிருந்து ஒரே ஒரு சான்றுக் கடிதம் வேண்டியிருந்தது. அவள் மாணவிதான், ஆராய்ச்சி உண்மைதான் என்று நாலு வரி. கோப்பு மேசை மேசையாகப் போனது. ஒருவர் லீவு, இன்னொருவர் இது என் வேலை இல்லை என்றார். முத்திரை விழுந்து கைக்கு வந்தபோது கடைசித் தேதி போய் நான்கு நாள். அவள் அந்தக் கடிதத்தை மடித்து அகராதிக்குள் வைத்துவிட்டாள், ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்குத்தான் ஆறவே இல்லை, இன்னும் ஆறவில்லை. நாலு வரிக்கு ஒரு வருஷம்.

அடுத்த வருஷம் கிடைத்தது. அப்போதுதான் இன்னொன்று தெரிந்தது, இந்தச் சின்னத் தொகைகளில் பலவற்றைச் செலவு செய்த பிறகு ரசீது காட்டித்தான் வாங்க வேண்டும். பணம் இருக்கிறவன் போய்விட்டு வந்து வாங்கிக்கொள்வான், இல்லாதவன் என்ன செய்வான்? நத்தை பொறுக்கவா என்று அழுத அதே அக்காதான் தன் சீட்டுப் பணத்தை முன்னதாகவே எடுத்து விமான டிக்கெட் போட்டாள்.

ஐரோப்பாவில் அந்த அருங்காட்சியகத்துக்குப் போன மூன்றாம் நாள் வீடியோவில் கூப்பிட்டாள். மரத்து இழுப்பறை, உள்ளே தீப்பெட்டியளவு அட்டைப் பெட்டிகள், ஒவ்வொன்றிலும் பஞ்சுமேல் ஒரு ஓடு, சில கொண்டைக்கடலை அளவுதான் இருக்கும். பழுப்பு மையில் எழுதிய சீட்டில் மொரீசியஸ் என்று ஒரு சொல் மட்டும். ஊர் இல்லை, மலை இல்லை, தேதி இல்லை. அவள் ஒரு ஓட்டைக் கேமராவுக்குக் கிட்டே காட்டி, "சித்தி, வாய்க்குள்ள பார், நம்ம ஊர்ச் செம்மண் இன்னும் ஒட்டியிருக்கு" என்றாள். அக்கா போனைப் பிடுங்கி மூக்குக்கிட்டே வைத்துப் பார்த்தாள். அன்றிலிருந்து அக்கம்பக்கத்தில் யார் கேட்டாலும் "என் மகள் நத்தையில் ஆராய்ச்சி" என்று அவளே சொல்கிறாள்.

உங்களிடம் நான் கேட்பது இதுதான். கல்விப் பக்கத்தில் வருஷத்துக்கு ஒரு முறையாவது அருங்காட்சியக உதவித்தொகைகளுக்கு இடம் கொடுங்கள். எவை செலவுக்கு முன்பணம் தருபவை, எவை ரசீதுக்குப் பிறகு தருபவை என்றும் சேர்த்துப் போடுங்கள், அது தெரியாமல் பாதி வழியில் நின்ற பிள்ளைகள் இருக்கிறார்கள். உயிரியல், நிலவியல், தாவரவியல் முதுகலை படிக்கும் பிள்ளைகள் தமிழ்நாட்டில் எத்தனை பேர், அவர்களுக்கு வேதியியல் கம்பெனி வேலையும் பி.எட்.டும் தவிர வேறு கதவு இருப்பது யார் சொல்லித் தெரியும்?

எங்கள் அரசாங்கத்துக்கும் ஒன்று. இதைப் படிக்கிற மொரீசியஸ்காரர்கள் யாராவது காதில் போட்டுவிடுங்கள். போர்ட் லூயிஸ் அருங்காட்சியகத்தில் வருஷத்துக்கு ஒரு முதுகலை மாணவருக்காவது ஆறு மாத உதவித்தொகை வையுங்கள், எங்களிடம் இருக்கும் சேகரிப்பை எங்கள் பிள்ளைகளே எடுத்துப் பார்த்து எழுதட்டும், அலுவலகக் கடிதத்தை மட்டும் ஒரு வாரத்தில் கொடுத்துவிடுங்கள். அந்த உதவித்தொகைக்குக் கவர்னர் பெயரோ மந்திரி பெயரோ வேண்டாம். 1865ல் மார் ஓ சொஞ் சேற்றில் இறங்கியவர்களின் பெயரில் வையுங்கள். பெயர் தெரியாதே என்பீர்கள், சேற்றில் இறங்கியவர்கள் என்றே இருக்கட்டும்.

விண்ணப்பம் எழுதத் தயங்கும் மாணவர்கள் உங்கள் பத்திரிகை வழியாக எழுதினால், காப்பாளருக்கு எழுதிய அந்த முதல் கடிதத்தின் நான்கு பிரதிகளையும் காட்டி உதவத் தயார் என்று என் பெண் சொல்லச் சொன்னாள்.

இப்படிக்கு,
ஒரு தமிழாசிரியை,
மஹேபூர், மொரீசியஸ்