கம்பி சுற்றச் சொன்னீர்கள், எப்போது கழற்றுவது?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஞாயிறு இணைப்பின் மாடித்தோட்டப் பகுதியில், மரத்தைச் சின்னத் தொட்டியில் குட்டையாக வளர்க்கும் போன்சாய் கலை பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். இதைப் பற்றித் தமிழில் எழுதுகிறவர்களே குறைவு, அதனால் சந்தோஷம்தான். ஆனால் கிளையை வேண்டிய வடிவத்துக்கு வளைத்து நிறுத்தக் கம்பி சுற்றுவதைச் சொல்லிவிட்டு, ஒரு வருடம் அப்படியே விட்டுவிட வேண்டும் என்று ஒரு வரி போட்டிருக்கிறீர்கள். அதை நம்பி யாராவது ஓர் இச்சி மரத்துக்கோ அரச மரத்துக்கோ கம்பி சுற்றினால் அந்தக் கிளை கெட்டுப்போகும், அதனால்தான் எழுதுகிறேன்.

குளிர்காலம் முழுக்க மரம் உறங்கிக் கிடக்கும் ஜப்பானில், மெல்லப் பருக்கும் பைன் மரத்துக்கு அந்தக் கணக்கு சரி. நம் ஆல், அரசு, அத்தி, இச்சி எல்லாம் அப்படியில்லை. வெயிலும் தண்ணீரும் கிடைத்தால் வருடம் முழுக்கப் பருத்துக்கொண்டே இருக்கும், அதிலும் ஐப்பசி மழை பிடித்துவிட்டால் கேட்கவே வேண்டாம். போன வருடம் என் மாடியில் இருக்கும் இச்சிக்குப் புரட்டாசிக் கடைசியில் சுற்றிய கம்பி ஐந்தாவது வாரமே பட்டையை அழுத்த ஆரம்பித்துவிட்டது. நான் வாரம் ஒருமுறை கம்பிக்கும் பட்டைக்கும் நடுவே விரல் நகத்தை நுழைத்துப் பார்ப்பேன், நுழையவில்லை என்றால் அன்றைக்கே கம்பியை வெட்டி எடுத்துவிடுவேன்.

இந்தப் பழக்கம் வந்ததற்குக் காரணம் மூன்று வருடத்துக்கு முன் ஒரு கண்காட்சியில் நல்ல விலை கொடுத்து வாங்கிய மரம். தூரத்திலிருந்து பார்க்க அவ்வளவு அழகு. வீட்டுக்குக் கொண்டுவந்து இலைகளை விலக்கிப் பார்த்தால், முதல் கிளையில் சுற்றிய கம்பி ஓரிடத்தில் பட்டைக்குள் போய் மறைந்து மூன்று சுற்று தள்ளி வெளியே வருகிறது. விற்றவருக்கு போன் செய்தால் "அது அப்படித்தாங்க இருக்கும்" என்கிறார். நுனி மெல்லிய வெட்டுக்குறடால் ஒவ்வொரு சுற்றாக நறுக்கி எடுத்தேன், எடுத்த இடமெல்லாம் பால் வடிந்தது. இரண்டு துண்டு வரவேயில்லை, பிடுங்கினால் பட்டையே கிழிந்துவிடும் என்று விட்டுவிட்டேன். இன்றைக்கும் அந்தக் கிளை திருகாணி மரை போலத்தான் இருக்கிறது. இலை தயாரிக்கும் உணவு பட்டை வழியாகத்தான் வேருக்கு இறங்குகிறது, அந்த வழியைக் கம்பி நெரித்தால் மேலே வீங்கும், கீழே நோஞ்சானாகும், முழுக்க நெரித்துவிட்டால் கிளையே போய்விடும்.

இதைப் படித்துவிட்டு, பார்த்தீர்களா போன்சாய் என்றாலே மரத்தைச் சித்திரவதை செய்வதுதான் என்று யாரும் சொல்ல வேண்டாம். கை முறிந்தால் புத்தூர் கட்டுப் போடுகிறோம், எலும்பு கூடியதும் பிரித்துவிடுகிறோம் இல்லையா, அதே கதைதான். கிளையை வளைக்கும்போது உள்ளே நுண்ணிய விரிசல்கள் விழும், அவற்றை மூடிப் புது மரம் வளர்ந்து அந்த வளைவிலேயே கிளை நின்றுவிடும். அதுவரைக்கும்தான் கம்பிக்கு வேலை. கழற்றியதும் கிளை பழையபடி நிமிர்ந்தால் சில நாள் விட்டு, பழைய தடத்தில் படாமல் மறுபடி சுற்றலாம், தப்பே இல்லை.

கம்பியைப் பற்றியும் ஒரு வார்த்தை. கட்டடம் கட்ட வாங்கிய கட்டுக்கம்பி மிச்சமிருக்கிறதே என்று அதை எடுக்காதீர்கள், துருப்பிடிக்கும், மெல்லிசாக இருப்பதால் கத்தி மாதிரி பட்டையில் இறங்கும். புதிதாகக் கற்பவர்களுக்கு அலுமினியம் போதும். தாமிரம் இன்னும் உறுதியாகப் பிடிக்கும், ஆனால் நெருப்பில் பழுக்கக் காய்ச்சி ஆறவிட்டால்தான் கைக்கு வளையும். கிளையின் பருமனில் மூன்றில் ஒரு பங்கு கம்பி இருக்கட்டும், 45 டிகிரி சாய்வில் சுற்றுங்கள், சுற்றும்போதே இறுக்க வேண்டாம். முதல் நாள் தண்ணீர் விடாமல் வைத்திருந்தால் கிளை கொஞ்சம் துவண்டு கொடுக்கும். அப்புறம் முக்கியமானது, கழற்றும்போது கம்பியை மிச்சம் பிடிக்க நினைத்துத் திருகிப் பிரிக்காதீர்கள், நன்றாக வளைந்து நின்ற கிளை அந்த நேரத்தில்தான் படக்கென்று ஒடியும்.

சீனாவில் குவாங்டாங் பக்கம் லிங்னான் முறை என்று ஒன்று உண்டு. கம்பியை நம்பாமல், வளரவிட்டுக் கத்தரித்து, மறுபடி வளரவிட்டுக் கத்தரித்தே கிளைக்கு வளைவு கொண்டுவருவார்கள். அங்கேயும் வெக்கை அதிகம், மரங்கள் மளமளவென்று வளரும், ஆகவே நமக்கு அது ரொம்பவே பொருந்தும். ஜப்பான் முறையையே திரும்பத் திரும்ப எழுதாமல் அதைப் பற்றியும் ஒரு கட்டுரை போடுங்களேன். அதற்கு முன்னால், வருகிற ஞாயிறே அந்த ஒரு வருடக் கணக்கைத் திருத்தி இரண்டு வரி வெளியிடுங்கள். தழும்பு விழுந்த கிளையைப் படம் எடுத்து இத்துடன் அனுப்பியிருக்கிறேன், இடம் இருந்தால் பக்கத்திலேயே போடுங்கள்.

அன்புடன்,
ஒரு வாசகர், திருச்சி