படத்துல வர்றவங்களுக்கு நோய் பேர் போடுறதுக்கு முன்னாடி

மலரு கண்ணு,

நீ அனுப்புன நோட்ஸ முழுசாப் படிச்சிட்டேன். கிளாஸ்ல சினிமா கேரக்டர எடுத்து டயக்னோசிஸ் போடச் சொன்னதுக்கு அந்நியன், சந்திரமுகி, 3 மூணையும் எடுத்தது நல்ல காரியம், நம்ம ஜனங்க மனநோய்னு தெரிஞ்சுகிட்டதே பாதி இந்த மாதிரி படங்கள்ல இருந்துதான். வார்டுல ஹிஸ்டரி எடுக்கும்போது "சிஸ்டர், இவன் அந்நியன் மாதிரி மாறிடுறான்"னு பேஷண்ட் கூட வந்தவங்க சொல்லுவாங்க, விசாரிச்சுப் பாத்தா காதுல குரல் கேக்குதுன்னு வரும், அது பெரும்பாலும் ஸ்கிசோஃப்ரினியா, அந்நியன் மாதிரி வேற ஆளா மாறுறது வேற நோய், ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பிக்கிறாங்க.

அந்நியன்ல வர்ற அம்பிக்கு டிஸோசியேட்டிவ் ஐடென்டிட்டின்னு, அதாவது ஒரே ஆளு வேற வேற ஆளா மாறுற நோய்னு போட்டிருக்க, சரி. அதுக்கு இருந்த மல்டிபிள் பர்சனாலிட்டிங்கிற பேரு 1994லயே மாறிடுச்சு, 2005ல வந்த படம் பழைய பேரையே சொல்லுது. தங்கச்சி கரண்ட் ஷாக்ல சாகுறத சின்ன வயசுல பாத்ததக் காரணமா காட்டுறாங்க, நிஜத்துல பெரும்பாலும் குழந்தையா இருக்கும்போது திரும்பத் திரும்ப அனுபவிச்ச கொடுமைதான் பின்னாடி இருக்கும். மாறுறதும் முடிய விரிச்சுப் போட்டுகிட்டு வராது, வீட்டுல இருக்கறவங்களுக்கே பல வருஷம் தெரியாமப் போகும். முக்கியமா, அவங்க அடுத்தவங்கள விட தன்னத்தானே காயப்படுத்திக்கிறதுதான் அதிகம். இத நீ எழுதல, கண்டிப்பா சேத்துரு.

சந்திரமுகில வர்ற கங்காவுக்கு நீ போட்டதும் சரிதான், பேய் புடிச்ச மாதிரி வர்றதையும் 2013ல வந்த டிஎஸ்எம் 5ங்கிற மனநோய் டயக்னோசிஸ் புக்கு இதே நோய்க்குள்ள சேத்திருக்கு. ஒரே ராத்திரில பொம்மைய எரிச்சுக் குணமாகுறதெல்லாம் நடக்காது. ஆனா அதுல சாமியாரும் டாக்டரும் சண்ட போடாம சேந்து வேல செய்யறாங்க பாரு, அது எனக்கு ரொம்பப் புடிக்கும். 2001 ஆகஸ்ட்ல ஏர்வாடி தர்கா பக்கத்துல இருந்த மனநலக் காப்பகத்துல சங்கிலில கட்டிக் கிடந்த 28 பேரு தீயில செத்தாங்க, தர்கால குணமாகிடும்னு நம்பிக் கொண்டுபோய் விட்டவங்கதான், அங்க நம்பிக்கையோட மருந்தும் போயிருக்கணும்டி.

3 தான் எனக்கு மனசு ஆறாத படம். ராமுக்கு மனசு ஒரேயடியா ஏறி எறங்குற பைபோலார் நோய்னு படத்துலயே சொல்லிடுறாங்க, நீயும் மேனியா (அளவுக்கு மீறுன வேகம்), டிப்ரஷன், சைக்கோட்டிக் சிம்ப்டம் (இல்லாதது தெரியுறது, கேக்குறது)னு அழகா பிரிச்சு எழுதியிருக்க, ஆனா அவன் பொண்டாட்டி ஜனனி பேரு உன் நோட்ஸ்ல ஒரு எடத்துல கூட இல்ல. வியாதி விஷயம் ஃப்ரெண்டு செந்திலுக்கும் டாக்டருக்கும் தெரியும், கட்டின பொண்டாட்டிக்குத் தெரியாது, கடைசில அவன் தன் உயிர எடுத்துக்குறான். பக்கத்துல படுக்குறவ அவதானே, இவன் தூங்குறானா, திடீர்னு செலவு ஏறுதா, பேச்சு வேகமாகுதா, யார் மொதல்ல கவனிப்பா? இந்த நோய்க்குக் குடுக்குற லித்தியம் மாத்திரை ஆரம்பிச்சா ரத்தத்துல லெவல் பாக்கணும், வாந்தி பேதி வந்து ஒடம்புல தண்ணி வத்துனா லெவல் ஏறிடும், கை ரொம்ப நடுங்கி நடை தள்ளாடினா உடனே கூட்டிட்டு வரணும், இதெல்லாம் யாருகிட்ட சொல்லி அனுப்புறது? பொண்ணு வீட்டுக்குத் தெரியக்கூடாதுன்னு கல்யாணத்தப்ப மாத்திரைய நிறுத்திட்டு, முத்திப் போய் அட்மிட் ஆன பசங்கள நான் நிறையப் பாத்திருக்கேன். ஒழுங்கா மாத்திரை போட்டு வேலைக்குப் போய் புள்ள குட்டியோட இருக்கறவங்களையும்தான் பாத்திருக்கேன், அவங்கள யாரும் படமா எடுக்கல.

அதனால சப்மிட் பண்றதுக்கு முன்னாடி ஒரு பக்கம் கூட எழுது. அந்த டாக்டர் ஜனனிய வரச்சொல்லி எப்படிப் பேசியிருக்கணும், ராம்கிட்ட சம்மதம் எப்படி வாங்கியிருக்கணும்னு எழுதி மொதல்ல எனக்கு அனுப்பு, ஞாயித்துக்கிழம ஃபோன்ல பேசலாம்.

அம்மா